கறுப்புப் பெட்டியில் ஓடிய பஸ்

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு நாற்பதுக்கு அப்பா என் வீட்டை விட்டுக் கிளம்பினார். அவருடைய முறை முடிய இன்னும் இருபத்தொரு நாள் இருந்தது. தம்பி கண்ணமங்கலத்திலிருந்து வாடகைக் கார் வைத்துக்கொண்டு மலையேறி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனான். அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியிருப்பது ஒரே வரிதான்: 'அப்பா போய்விட்டார். காரணம் சொல்லவில்லை.' காரணம் எனக்குத் தெரியும். எழுதத்தான் கூச்சமாக இருந்தது. ஒரு வீடியோ கேமுக்காக அப்பா என் வீட்டை விட்டுப் போனார் என்று எப்படி எழுதுவது?

முறை என்பது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உள்ள ஏற்பாடு. அம்மா இறந்தபின், கருமாதி முடிந்த அன்று மாமன்மார் நாலு பேர் உட்கார்ந்து பேசி, ஒற்றைப்படை மாதங்களில் அப்பா தம்பி வீட்டிலும் இரட்டைப்படை மாதங்களில் என் வீட்டிலும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு ஒன்றாம் தேதி காலையிலும் ஒரு துணிப்பையும் ஒரு மருந்து டப்பாவும் அப்பாவும் இடம் மாறுவார்கள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகும்வரை, மூன்றரை வருடம் இதில் ஒரு நாள்கூடப் பிசகவில்லை. பிசகவில்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடிவது, எல்லாவற்றையும் நான் எழுதி வைத்திருப்பதால்.

நான் ஜவ்வாது மலை மேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். அங்கேயே குடியிருப்பு. தம்பிக்குக் கண்ணமங்கலத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடை. அப்பா பஸ் டிரைவராக முப்பத்தொரு வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதில் கடைசிப் பதினெட்டு வருடம் மலை ரூட்டு. ஒரு விபத்துகூட இல்லை என்பதைக் கல்யாண வீட்டில் பக்கத்துப் பந்தியில் இருப்பவரிடமும் சொல்வார். என்னிடம் மருந்து வாங்க வருபவர்களில் பாதிப் பேருக்கு நான் இன்னும் 'டிரைவர் மகன்'தான்.

அந்த வருடம் காணும் பொங்கலன்று, தம்பி வீட்டில் இருந்தபோது, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நல்ல வேளையாக வேலூர் ஆஸ்பத்திரி பக்கம். உயிருக்கு ஒன்றுமில்லை. பேச்சு பத்து நாளில் திரும்பியது. கால் இழுத்து இழுத்து நடக்க வந்தது. வலது கை மட்டும் விரல் மூடித் திறக்க மறுத்தது. சிகிச்சைக்கு வேலூர் போய்வர வேண்டியிருந்ததால் பிப்ரவரியிலும் அவர் தம்பி வீட்டிலேயே இருந்தார். இயன்முறைச் சிகிச்சை தரும் பெண், ஒரு நாளைக்கு நூறு முறை அழுத்தச் சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். அப்பா மூன்றாம் நாள் அதை எதிர்வீட்டு நாய்க்குப் போட்டுவிட்டார்.

அப்போதுதான் தம்பி தன் வீடியோ கேம் பெட்டியின் கண்ட்ரோலரை அப்பா கையில் வைத்துப் பார்த்தான்.

இந்தப் பெட்டிகளை டிவியோடு இணைத்து ஆட்டம் ஆடுவார்கள். உலகத்தில் இவற்றைச் செய்யும் பெரிய கம்பெனிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எங்கள் கதைக்கு இரண்டு போதும். தம்பியிடம் இருந்த பெட்டி கறுப்பு. நான் பிறகு வாங்கியது வெள்ளை. கம்பெனிகளின் பெயரைத் தவிர்த்து நிறத்தையே சொல்கிறேன். தம்பி கறுப்புப் பெட்டிக் கட்சி. கட்சி என்ற சொல்லைத் தெரிந்தேதான் சொல்கிறேன். அந்தக் கம்பெனியின் சின்னத்தைத் தானே ஃப்ளெக்ஸ் அடித்துக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறான். வெள்ளைப் பெட்டிக்காரர்களோடு போனில் சண்டை போடுவதற்கென்றே ஒரு குழுவில் இருக்கிறான். நாற்பது வயதை நெருங்கும் ஆள்.

அந்தக் கறுப்புப் பெட்டியில் பஸ் ஓட்டும் ஆட்டம் ஒன்று இருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு மலை. கொண்டை ஊசி வளைவுகள், மூடுபனி, நிறுத்தங்களில் கைகாட்டும் ஜனங்கள். வலது ஆள்காட்டி விரலால் கண்ட்ரோலரின் பின்பக்க விசையை அழுத்தினால் வண்டி வேகமெடுக்கும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு. நூறு முறை பந்தை அழுத்த மறுத்த விரல், மார்ச் மாதம் முழுக்க அந்த விசையை நாளுக்கு இரண்டு மணி நேரம் அழுத்தியது. மார்ச் முடிவில் அப்பா வலது கையால் டம்ளரைத் தூக்கினார்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி என் முறை. வந்தார். முதல் இரண்டு நாள் என் மனைவியோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளிலிருந்து ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே வளைவில் மலை பஸ் ஒரு நாளைக்கு ஆறு முறை போகும். கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே ஓட்டுவது யார் என்று அப்பா சொல்லிவிடுவார்.

"மாமா, உங்க பஸ்ஸு போவுது பாருங்க" என்றாள் என் மனைவி, அவரை உற்சாகப்படுத்துவதாக நினைத்து.

"அது அவன் பஸ்ஸும்மா. எனக்கு இன்னா அதுல?" என்றார் அப்பா.

ஐந்தாம் நாள் டம்ளரை மறுபடி இடது கைக்கு மாற்றினார். எட்டாம் நாள் சாயங்காலம் தம்பிக்கு அவரே போன் போட்டார். மறுநாள் காலை ஏழு நாற்பதுக்குக் கார் வந்தது.

எனக்கு இருந்த பயத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். அப்பா இனிமேல் என் வீட்டில் தங்கவே மாட்டார் என்று பயந்தேன். வருவார், ஒரு வாரம் விருந்தாளி போல் உட்கார்ந்திருப்பார், போய்விடுவார். சிறுவயதில் ரூட்டு முடித்து வந்து முதலில் என்னைத்தான் கூப்பிடுவார். அது இல்லாமல் போகும்.

இதற்கு நான் கண்ட வழி, எனக்கும் ஒரு பெட்டி வாங்குவது. மே மாதக் கடைசியில் வேலூரில் ஒரு கடைக்குப் போனேன். கறுப்புப் பெட்டி கைவசம் இல்லை, வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். ஜூன் ஒன்றுக்கு ஐந்தே நாள் இருந்தது. கடைக்காரர் வெள்ளையைக் காட்டி, "இதுவும் அதே மாதிரிதாங்க. பவர் இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கும்" என்றார். நான் யோசிக்கவே இல்லை, வாங்கிவிட்டேன்.

யோசிக்காததற்குக் காரணம் என் தொழில். மருந்துச் சீட்டில் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும், என் அலமாரியில் இன்னொரு கம்பெனியின் அட்டை இருக்கும். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான். "பேருதாங்க வேற, மருந்து அதேதான்" என்று ஒரு நாளைக்கு இருபது பேரிடமாவது சொல்கிறேன். இருபத்திரண்டு வருடம் இதைச் சொல்லிச் சொல்லி, பெட்டிக்கும் அதுதான் சட்டம் என்று நம்பிவிட்டேன்.

ஜூன் ஒன்றாம் தேதி அப்பாவைக் கொண்டுவந்து விட்ட தம்பி, டிவிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான்.

"இன்னாண்ணா இது? கட்சி மாறிட்டியா?"

"நான் எப்போடா உன் கட்சியில இருந்தேன்? அப்பாவுக்கு வாங்கினேன். பஸ் ஆட்டத்த இதுல போட்டுக் குடு."

"இதுல வராதுண்ணா."

"ஏன் வராது?"

"அது எங்க கம்பெனியோடது."

"உங்க கம்பெனியா? உனக்கு அதுல இன்னா வேலை, மேனேஜரா?"

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு விளக்கினான். ஆட்டத்தைச் செய்கிறவர்களைப் பெட்டிக் கம்பெனியே விலைக்கு வாங்கிக்கொள்ளும். அல்லது எதிர்க் கம்பெனிக்குக் கொடுக்காதே என்று பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். அந்த ஆட்டம் வேண்டும் என்பதற்காகவே ஜனங்கள் அந்தப் பெட்டியை வாங்க வேண்டும், அதுதான் நோக்கம்.

நான் நம்பவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். எந்த ஆட்டத்தை எந்தக் கம்பெனி எப்போது தனக்கு மட்டும் என்று ஆக்கிக்கொண்டது, எதிர்க் கம்பெனி அதற்குப் பதிலாக எதைப் பிடித்தது என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதினேன். ஒன்பது பக்கம் வந்தது. எழுதி முடித்தபோது பழக்கமான விஷயமாகத்தான் தெரிந்தது. கலசப்பாக்கம் பக்கத்தில் தெருக்கூத்து நடத்தும் ஊர்க்காரர்கள், நல்ல வேஷக்காரருக்கு முன்கூட்டியே தாம்பூலம் வைத்து, பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு அவர் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். அவரைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஊருக்குத்தான் போக வேண்டும். நடக்க முடிந்தவர்கள் போவார்கள்.

வெள்ளைப் பெட்டியில் கார்ப் பந்தயம் ஒன்று இருந்தது. தம்பி போனபின் அதைப் போட்டுக் கொடுத்தேன். அப்பா கண்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆடத் தொடங்கிய இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டார்.

"பாசஞ்சரு எங்கடா?"

"இதுல பாசஞ்சர் இல்லப்பா. பந்தயம்."

"அப்போ யாரத் தொரத்திகினு இப்டிப் பறக்குறான்?"

"முன்னாடி போற காரை முந்தணும்."

மறுபடி முயன்றார். வளைவில் கார் சுவரில் மோதிச் சிதறியது. திரையில் தங்க நிறத்தில் ஏதோ எண்கள் மின்னின.

"இன்னாடா குடுக்குறான்?"

"பாயிண்ட்டுப்பா."

"இடிச்சதுக்கா?"

கண்ட்ரோலரைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் அந்த ஆட்டத்தை அவர் தொடவில்லை. ஜூன் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, மறுபடி கார் வந்தது.

ஆகஸ்டில் அவர் வரவே இல்லை. "மழையில மேல ஏற முடியாதுடா" என்றார் போனில். அந்த ஆகஸ்டில் மலையில் மழை பெய்த நாட்கள் என் குறிப்பில் இருக்கின்றன. மிகக் குறைவு. அதை அவரிடம் சொல்லவில்லை. செப்டம்பரில் கலசப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில், முறை பேசி முடித்த மாமன்களில் மூத்தவர், பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னாபா, உன் முறையத் தம்பி தலையில கட்டிட்டியாமே?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி, "கட்டலீங்க மாமா, அவருதான் போய்ட்டாரு. நீங்க வேணா ரெண்டு மாசம் வந்து இருங்க" என்றாள். அவர் அப்பளத்தை நொறுக்க ஆரம்பித்தார்.

அதே மாதம் ஒரு செய்தி வந்தது. பஸ் ஆட்டம் வெள்ளைப் பெட்டிக்கும் வரப்போகிறது, நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை. இப்போதெல்லாம் இந்தக் கம்பெனிகள், தங்கள் பெட்டியில் விற்கவேண்டிய அளவு விற்றபின், சில ஆட்டங்களை எதிராளிக்கும் கொடுத்துவிடுகின்றன என்று என் நோட்டிலேயே எழுதியிருந்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் தம்பிக்கு உடனே போன் போட்டேன். அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான்.

"துரோகம்ணா இது" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "எங்களுக்குன்னு இருந்த ஒண்ணத் தூக்கி அவனுங்களுக்குக் குடுத்துட்டான். இனிமே இன்னா மூஞ்சிய வச்சிகினு குரூப்புல பேசுறது?"

"நான்டா அவனுங்க. அப்பாவுக்குதான்டா."

"அது தெரியுதுண்ணா" என்றான். கடையில் ஆள் வந்திருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

அக்டோபரும் அப்பா இல்லாமல் போனது. நான் கவலைப்படவில்லை, நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்கு ஆட்டம் இறங்கத் தொடங்கியது. மலையில் இருக்கும் இணைய வேகத்துக்கு, நடுவில் நான்கு மின்வெட்டையும் சேர்த்து, ஞாயிறு காலை எட்டரைக்கு முடிந்தது. அன்றுதான் டிசம்பர் ஒன்று. பத்தே காலுக்கு அப்பா வந்தார். ஆட்டம் வந்துவிட்டது என்று சொல்லித்தான் வரவழைத்திருந்தேன். காலைக்கூடக் கழுவாமல் டிவி முன்னால் போய் உட்கார்ந்தார்.

திரையில் வெறும் மைதானம். சிவப்புக் கூம்புகள். நடுவில் ஒரு சின்ன வேன்.

"என் வண்டி எங்கடா?"

தம்பி வீட்டுப் பெட்டியில் அப்பாவுக்கு நாற்பது பேர் உட்காரும் நீல நிற பஸ் இருந்தது. அதற்கு ஹாரனும் அவரே தேர்ந்தெடுத்திருந்தார். ஒன்பது மாதத்தில் நானூற்றுப் பதினாறு டிரிப், ஒரு கீறல் இல்லை. திரையில் வந்திருந்த ஆங்கிலத்தை அவர் மெதுவாக எழுத்துக்கூட்டினார். கூடவே வரைந்தும் காட்டியிருந்தார்கள்.

"எட்டு போடச் சொல்றான்" என்றார். என் மனைவி பக்கம் திரும்பி, "என்ன எட்டு போடச் சொல்றாம்மா! முப்பத்தொரு வருஷம் ஓட்டினவன!"

தம்பியைக் கூப்பிட்டேன். போனில் அவன் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. "அவரு ஓட்டினதெல்லாம் இந்தப் பெட்டிலதாண்ணா இருக்குது. இதுக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. அந்த ஆட்டத்துல அப்படி ஏற்பாடு பண்ணல. மொதல்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும்."

"அங்க அவரு எட்டு போட்டாரா?"

"அவரு எங்க போட்டாரு? நான்தான் போட்டேன். அவரு கையில குடுக்கிறதுக்கு முந்தி நாலு நாள் குந்தி பரிட்சை எல்லாத்தையும் முடிச்சி, மலைரோட்டுல நிக்க வச்சிக் குடுத்தேன். சொல்லிடாத."

சரி, அதை நானும் செய்கிறேன் என்று முடிவெடுத்தேன். அப்பா மதியம் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டு எட்டு போட்டேன். திங்கள் நாலு முறை, செவ்வாய் ஆறு முறை, புதன் ஏழு முறை. பதினேழு முறையும் கூம்பு விழுந்தது. புதன்கிழமை ஏழாவது முறை விழுந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"லைசன்சுக்கே மூணு தபா போனவன் நீ. உன்னால ஆவாது, வுடு."

எவ்வளவு நேரமாக விழித்திருந்தாரோ தெரியாது. நான் திரும்பிப் பார்த்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "சின்னவனுக்குப் போன் போடு. ஞாயித்துக்கெழம வந்து இட்னு போவட்டும்."

"டிசம்பர் என் முறைப்பா."

"தெரியும்டா. கையி மறுபடியும் மடங்கிகினு வருதுடா. நான் இன்னா பண்ணட்டும்?"

இதற்கு முன் ஒரு தடவைகூட அவர் உண்மையான காரணத்தைச் சொன்னதில்லை. சொன்னபின் எனக்குக் கோபிக்கவும் வழியில்லை. சமையலறையில் என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெட்டியக் குடுன்னு உங்க தம்பியக் கேக்குறதுதான?" என்றாள்.

"அது அவன் உசுரு. எப்படிக் கேக்குறது?"

"கேட்டீங்களா? ஏப்ரல்லயே கேட்டிருக்கலாம். கேக்குறதுக்குப் பதிலா இன்னொரு பெட்டி வாங்கினீங்க. அப்பால அந்தக் கம்பெனிக்காரன் எப்போ குடுப்பான்னு ரெண்டு மாசம் நாள் எண்ணினீங்க. எவனோ வெளிநாட்டுக்காரன்கூட எறங்கி வந்துட்டான். அண்ணன் தம்பி நீங்க ரெண்டு பேரும் எறங்கல."

எட்டு மாதக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. எந்த நாளிலும் நான் கேட்டதாக இல்லை.

டிசம்பர் ஏழு, சனிக்கிழமை, விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு கண்ணமங்கலத்துக்கு இறங்கினேன். தம்பி கடையில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனர் பாதி அச்சாகி இயந்திரத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. காய்வதற்காகக் காத்திருந்தான். நான் வந்த காரணத்தை வந்ததும் சொல்லிவிட்டேன். தாமதித்தால் வேறு எதையாவது பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று எனக்கே சந்தேகம்.

"உன் பெட்டி எனக்கு வேணும்டா. என் முறை மாசத்துக்கு மட்டும். ஒண்ணாந்தேதி அப்பாகூட வரட்டும், அடுத்த ஒண்ணாந்தேதி அவர்கூடவே திரும்பட்டும்."

அவன் பேனரின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். மை ஒட்டியது.

"இத்தினி நாள் ஏண்ணா கேக்கல?"

"நீ ஏன் குடுக்கல?"

"கேட்டாக் குடுக்கலாம்னு இருந்தேன்" என்றான். பிறகு, "பொய். குடுக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றான்.

விரலில் ஒட்டிய மையைத் துணியில் துடைத்தான்.

"சின்ன வயசுல அவரு ரூட்டு முடிச்சி வந்தா உன் பேரச் சொல்லிகினுதான் உள்ள வருவாரு. இந்த ஒம்போது மாசமா, தூங்கி எந்திரிச்சா மொதல்ல என்னக் கூப்புடுறாரு. பெட்டியப் போட்டுக் குடுக்கத்தான் கூப்புடுறாரு, எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கூப்புடுறாருல்ல."

நான் பயந்துகொண்டிருந்த அதே விஷயத்தை இவன் இத்தனை வருடம் அனுபவித்திருக்கிறான் என்பது அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை. "அதுக்குதான் மாசம் மாசம் மாத்திக்கலாம்னு சொல்றேன்" என்றேன். அசட்டுப் பேச்சு. ஆனால் அவன் தலையாட்டினான்.

உள்ளே போய்க் கறுப்புப் பெட்டியைக் கழற்றி, வயர்களைச் சுற்றி, பழைய ஃப்ளெக்ஸ் துண்டில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தான். கையில் கொடுக்காமல் மேசை மேல் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஒரு மாசம் சும்மா குந்திகினு நான் இன்னா பண்றது?" என்றான்.

"இன்னா வேணும்?"

குரலைத் தாழ்த்திக்கொண்டான். கடையில் எங்களைத் தவிர யாருமில்லை. "உன் வெள்ளைப் பெட்டில ஒரு கப்பல் ஆட்டம் வருதுண்ணா. கடல் கொள்ளைக்காரன் கதை. அதுல மட்டும்தான் வருது."

"நீதான அது குப்பைன்னு சொன்ன?"

"சொன்னேன். குரூப்புல ரெண்டு வருஷமா சொல்லிகினுகிறேன்."

"ஆடிப் பாத்துட்டா சொன்ன?"

"எங்கண்ணா ஆடுறது? அவன் இந்தப் பெட்டிக்குக் குடுத்தாதான? கேக்காத. மேல போன ஒடனே அனுப்பி வை. பொட்டலத்த நல்லாக் கட்டு. வர வழியில எவனாவது பாத்து வச்சான்னா அசிங்கம்."

திங்கட்கிழமையே அனுப்பினேன். ஒடுகத்தூரிலிருந்து எங்கள் நிலையத்துக்கு மருந்து கொண்டுவரும் வேன் திரும்பும்போது கண்ணமங்கலம் வழியாகப் போனது. வெள்ளைப் பெட்டியைப் பழைய மருந்து அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே 'கவனம்' என்று எழுதி டிரைவரிடம் கொடுத்தேன்.

கறுப்புப் பெட்டியை நானே டிவியோடு இணைத்தேன். நீல பஸ் திரையில் வந்து, முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அப்பா நிறுத்தி வைத்த இடத்தில், ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நின்றிருந்தது. அப்பா கண்ட்ரோலரை வாங்கிக்கொண்டார். வலது விரலை இடது கையால் பிடித்து விசை மேல் வைத்தார். முதல் நாள் அரை மணி நேரம்தான் முடிந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் இரண்டு மணி நேரம் ஆனது. நான் வேலை முடிந்து வரும்போது எந்த டிரிப்பில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று என்னிடம் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். இதெல்லாம் எழுதி இன்னா ஆவப்போவுது என்று ஒரு தடவை கேட்டார். எழுதுவதை நிறுத்தியபோது, ஏன் எழுதவில்லை என்றும் கேட்டார்.

தம்பி நடுநடுவே போன் செய்தான். மூன்றாவது தீவின் கோட்டைக்குள் நுழைய முடியவில்லையாம். "குப்பை ஆட்டம்ணா" என்பான். பிறகு நாற்பது நிமிடம் அதைப் பற்றியே பேசுவான்.

ஜனவரி ஒன்று, புதன்கிழமை, காலை பத்து மணிக்கு அப்பாவை அழைத்துப்போகத் தம்பி வந்தான். துணிப்பையும் மருந்து டப்பாவும் வாசலில் தயாராக இருந்தன. அப்பா டிவி முன்னால் இருந்தார். திரையில் பனி பெய்துகொண்டிருந்தது.

"போலாமாப்பா?" என்றான் தம்பி.

"டிரிப்ல இருக்குறேன். முடியட்டும்."

"அங்க வந்து முடிச்சிக்கலாம்பா. இதே பெட்டிதான வரப்போவுது."

"பாசஞ்சர நடுவழியில எறக்கி வுடச் சொல்றியா?" என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தம்பி என்னைப் பார்த்தான். அன்று அவர் எடுத்திருந்தது அந்த ஆட்டத்திலேயே நீளமான ரூட்டு. அவர் ஓட்டும் வேகத்துக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். அது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். மனைவி அவனுக்கும் சேர்த்து அரிசி களைந்தாள். கார்க்காரரையும் உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டோம்.

ஒன்றே காலுக்கு நீல பஸ் டெப்போவில் நின்றது. அப்பா எழுந்து, தானே வலது கையால் டிவியை அணைத்தார். தம்பி பெட்டியைப் பொட்டலம் கட்டினான். காரில் ஏறி உட்கார்ந்தபின் அப்பா கண்ணாடியை இறக்கினார்.

"பெரியவனே, அடுத்தது பிப்ரவரி. அது கொறஞ்ச மாசம்" என்றார். "மார்ச்சுல ரெண்டு நாள் சேத்து எழுதிக்க."